மஞ்சளும் மிளகும் ஒரு கிட்னியும்: நெமிலிச்சேரியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு வெள்ளிக்கிழமை

பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடைகளைப் பற்றிப் போன வருடம் இந்தத் தளத்தில் ஒரு பதிவு போட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு அதே வழியில் போய் வந்ததாகச் சிலர் பின்னூட்டம் எழுதியிருந்தீர்கள். நீங்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். மற்றவர்கள் அந்தப் பழைய பதிவைத் தேட வேண்டாம். நேற்று அதை எடுத்துவிட்டேன்.

இந்த முறை நான் ஊர் சுற்றப் போகவில்லை. ஒரு பொடியில் என்னென்ன, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரப் போனேன். டாக்டர் கேட்டிருந்தார். போன மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஐந்தேகாலுக்கு வீடு திரும்பினேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தாமோதரனுக்கு இரண்டு வருடம் முன்னால் கிட்னி மாற்றினார்கள். கொடுத்தது நான். இத்தனை நாள் இங்கே எழுதியும் இதை உங்களிடம் சொன்னதில்லை. உங்களிடம் என்ன, சொந்தக்காரர்கள் யாரிடமும், வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம்கூட, சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவுக்குக் கிட்னி கெட்டுப்போனது என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்று இவர் பயந்தார். "கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடாத" என்றார். அதனால் அவருக்குக் குடலிறக்கம், எனக்குக் கர்ப்பப்பை என்று இரண்டு பொய்களைச் சொல்லிவிட்டு ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் படுத்தோம். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. எங்கள் சாமர்த்தியத்தை நினைத்து நாங்களே சிரித்துக்கொண்டோம்.

மாற்றிய கிட்னியை உடம்பு வேற்று ஆள் என்று நினைத்துத் தாக்கும். அது தாக்காமலிருக்க அவர் ஆயுள் முழுவதும் காலையும் மாலையும் ஒரு மாத்திரை போட வேண்டும். ரத்தத்தில் அந்த மருந்து குறைந்தால் உடம்பு கிட்னியைக் கெடுக்கும். கூடினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும். கயிற்றின் மேல் நடப்பது மாதிரிதான். முதல் ஒன்றரை வருடம் நன்றாகவே நடந்தோம்.

அப்புறம் எனக்குப் புத்தி வந்தது. கைப்பேசியில் ஒரு காணொலி. உடம்பில் செல்கள் துருப்பிடிக்கிறதாம், அதைத் தடுப்பது ஆன்டிஆக்சிடன்ட்டாம், அது மஞ்சளில் கொட்டிக் கிடக்கிறதாம். ஆனால் மஞ்சளை வெறுமனே தின்றால் உடம்பில் ஒட்டாதாம். மிளகு சேர்த்தால் பல மடங்கு ஒட்டுமாம். என் கிட்னி அவருக்குள் இருக்கிறது, அதற்குத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று எனக்குத் தோன்றிவிட்டது. நேராகப் பூந்தமல்லிக்குப் போய், எனக்குப் பழக்கமான பாய் கடையில் மஞ்சள், மிளகு, திப்பிலி மூன்றும் கலந்து பொடி வாங்கினேன். காலை மாலை அரை ஸ்பூன், சூடான பாலில். அந்தப் பயணத்தைத்தான் பெருமையாகப் பதிவு போட்டேன். தாமோதரனைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவது மாதம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளரைத் தூக்கினால் காபி வேட்டியில். நான் அதைப் பலவீனம் என்று முடிவு செய்தேன். அரை ஸ்பூனை இரண்டு ஸ்பூன் ஆக்கினேன். நடுக்கம் கூடியது, தலைவலியும் சேர்ந்தது. வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, எட்டுக்குள் இருக்க வேண்டிய மருந்து இருபத்தொன்று இருந்தது. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் கிரியேட்டினின் ஒன்று புள்ளி இரண்டிலிருந்து இரண்டு புள்ளி ஏழுக்கு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டு, புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு "ஒரு பொடி" என்றார். அது என்ன பொடி, எந்த அளவு, எத்தனை மாதம் என்று எல்லாம் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள், அதன்பிறகு கிட்னியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

வீட்டை விட்டு இறங்கும்போதே எனக்கு எதிரி யார் என்று தெரிந்திருந்தது. பாய்தான். கலந்து கொடுத்தவர் அவர். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர். "இன்னைக்கு அந்த ஆள ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுதான் வருவேன்" என்றேன். இவர் வாசலில் நின்று, "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா" என்று மட்டும் கேட்டார்.

நெமிலிச்சேரியில் 8.42 மின்ரயில். பட்டரவாக்கம் வரை பதின்மூன்று கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய், இருபத்தெட்டு நிமிடம். அம்பத்தூர் எஸ்டேட் போகிறவர்கள் பெயரைப் பார்த்து அம்பத்தூரில் இறங்கிவிடாதீர்கள், பட்டரவாக்கம்தான் பக்கம். அந்த நேரத்தில் பெண்கள் பெட்டியில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆவடியில் ஏறிய கூட்டம் என்னைக் கதவு வரை தள்ளியது. பொடிப் பொட்டலம் வைத்திருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

எஸ்டேட்டில் நிர்மலா இருக்கிறாள். ஆவடிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். மூலிகைகளிலிருந்து சாறு எடுத்து மாத்திரைக் கம்பெனிகளுக்கு அனுப்பும் ஓர் ஆலையில், பரிசோதனைப் பிரிவில் இருபது வருடமாக வேலை. பொடியைப் பார்த்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். ஸ்டேஷனிலிருந்து அவள் ஆலை வரை ஒன்றேகால் கிலோமீட்டர், நடந்தே போகலாம், லாரிகளுக்கு மட்டும் ஒதுங்கத் தெரிய வேண்டும். பத்தரைக்கு அவளுக்குத் தேநீர் இடைவேளை. கேட்டுக்கு எதிரே டீக்கடை, ஒரு டீ பதினைந்து ரூபாய்.

"இன்னாடி மல்லி, மூஞ்சி இப்படி கீது?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியாள் ஒருத்தரிடம் கிட்னி என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"கர்ப்பப்பைன்னு சொன்னியேடி. நான் ஆப்பிள் வாங்கினு வந்து பாத்துட்டு, நல்லா ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டுப் போனேனே. என்கிட்ட கூடவா?"

"யார்கிட்டயும் சொல்லல நிம்மி."

"நான் யாரோ ஒருத்தியா?" என்று கேட்டாள். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள், துப்பினாள், டீயைக் குடித்து வாய் கொப்பளித்தாள். "லேப்ல போட்டுப் பாக்கவே வேணாம். மிளகும் திப்பிலியும் நாக்க அறுக்குது. எத்தினி ஸ்பூன்?" என்றாள். ஒரு ஸ்பூன் என்றேன். அவளிடம்கூட இரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

அதன்பிறகு பதினைந்து நிமிடம் அவள் பேசியதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதைப் பழைய பதிவு எழுதுவதற்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை.

"மஞ்சள்ல சரக்கு கீது, இல்லன்னு சொல்லல. கண்ணாடிக் குடுவையில போட்டுப் பாரு, பிரமாதமா வேலை செய்யும். எங்க லேப்ல தெனம் பாக்கறேன். ஆனா வயிறு குடுவை கிடையாதுடி. மஞ்சள்ல கீற அந்தப் பொருள் தண்ணில கரையாது. கரையாதது குடல்ல பாதி அப்படியே போய் மலத்துல வெளிய வந்துடும். மிச்சம் குடல் சுவத்துக்குள்ள நுழையும். நுழையற எடத்துலயே உடம்பு அதைப் புடிச்சி, சர்க்கரை மாதிரி ஒரு துண்டை அது மேல ஒட்டி, 'நீ வெளியாளு, கெளம்பு'ன்னு தள்ளும். தப்பிச்சி போனதைக் கல்லீரல் புடிக்கும். கடைசியா ரத்தத்துல போய்ச் சேர்றது சொட்டுதான். அதுவும் கொஞ்ச நேரத்துல காலி."

"எல்லா மூலிகையும் அப்படியா?"

"ஒண்ணொண்ணு ஒரு மாதிரி. நெல்லிக்காய்ல கீற வைட்டமின் சி சுலபமா உள்ள போயிடும். ஆனா அதுவும் அளவுதான், உடம்பு வேணுங்கறத எடுத்துகினு மிச்சத்தை மூத்திரத்துல உட்ரும். நெறைய பூ, பழத்தோட சாயம் உள்ளயே போவாது. பெருங்குடல் வரைக்கும் போயி அங்க கீற கிருமிங்க அதை உடைச்சி வேற ஒண்ணா மாத்தும். அந்த வேற ஒண்ணுதான் உள்ள போவும். டப்பா மேல எவ்ளோ போட்டுகீதுன்றது ஒரு கணக்கு. உடம்பு எவ்ளோ எடுத்துகினுச்சின்றது வேற கணக்கு."

"அப்போ மிளகு?"

அவள் எதிரே இருந்த ஆலை கேட்டைக் காட்டினாள். செக்யூரிட்டி ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்த்து, சிலதை உள்ளே விட்டு, சிலதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். "குடல் சுவரு அந்த கேட்டுன்னு வெச்சிக்கோ. மிளகு இன்னா பண்ணும்னா அந்த செக்யூரிட்டியத் தூங்க வெச்சிரும். அப்போ மஞ்சள் கொஞ்சம் கூட உள்ள போவும், அது நெசம்தான். காணொலில பொய் சொல்லல. ஆனா செக்யூரிட்டி தூங்குறப்ப மஞ்சள் மட்டுமா உள்ள போவும்?"

"அவரோட மாத்திரையும் அதே கேட்டா?" என்று கேட்டேன்.

"அதே கேட்டு. அந்த மாத்திரைல பெரும்பங்க குடலும் கல்லீரலும் உடைச்சிப் போட்ரும்னு தெரிஞ்சிதான் டாக்டருங்க அளவு குடுக்கறாங்க. நீ உடைக்கிற ஆளயே தூங்க வெச்சிட்ட. மஞ்சள் நாலு சொட்டு கூடப் போச்சு. மாத்திரை மொத்தமா உள்ள போச்சு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் கை நடுக்கம் பலவீனம் இல்ல மல்லி. மருந்து கூடிப்போனதுக்கு அதான் அடையாளம்."

அவள் மணி பார்த்துக்கொண்டே எழுந்தாள். போகும்போது, ரசத்தில் போடும் மிளகை நினைத்து யாரையும் பயமுறுத்தாதே, கரண்டி கரண்டியாகத் தினம் குடித்ததுதான் தப்பு, அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள் என்றாள். கேட்டுக்குள் போனபிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆப்பிள் விஷயத்தில் அவளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்று தெரிந்தது.

அங்கிருந்து வானகரம் ஏழு கிலோமீட்டர் சொச்சம். அத்திப்பட்டு, அயனம்பாக்கம் வழியாகப் போகும் ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். பஸ்ஸும் உண்டு, எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த இருவர் வழியிலேயே இறங்கிவிட்டார்கள், நானும் டிரைவரும்தான் மிச்சம்.

"இன்னாக்கா, ஊட்ல யாருக்கனா முடியலயா? கண்ணு கலங்கிகினே வர்றீங்க" என்றார்.

மருந்து விஷயமாகப் பூந்தமல்லி போகிறேன் என்றேன்.

"நாட்டு மருந்தா? எங்க நைனாக்கு சக்கரை. பாவக்கா, வெந்தயம், ஆவாரம்பூ எல்லாம் குட்ச்சிகினு, இதான் நல்லா கேக்குதுன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு. ஒரு காலு பூட்ச்சி."

"இப்போ எப்படி கீறாரு?"

"கீறாரு. ஊட்ல குந்திகினு போற வர்றவனுக்கெல்லாம் வைத்தியம் சொல்லிகினு கீறாரு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு போன வருடம் நான் போட்ட பதிவு ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு நின்றது.

வானகரத்தில் பைபாஸ் சந்திப்பில் இருபது நிமிடம் நெரிசல். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்து பூந்தமல்லி எட்டு கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் கிடைத்தது. குமணன்சாவடியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டி ஊர்ந்தபோது, மகளுக்குப் பேசிய வரன் வீடு இங்கேதானே என்று எட்டிப் பார்த்தேன். ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்த இடம். இந்த ரத்தப் பரிசோதனைக்கு மூன்று வாரம் முன்னால் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் கிட்னிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து பாயைக் கேட்க வேண்டிய கேள்விகளை அடுக்கினேன். கடை வைத்தால் போதுமா, கேட்டுக் கொடுக்க வேண்டாமா, காசு வாங்கத் தெரிந்தவருக்குக் கேட்கத் தெரியாதா. ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு பஜாரில் இறங்கினால் கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை. இது எனக்குத் தெரியாததா, பழைய பதிவிலேயே வெள்ளி மதியம் போகாதீர்கள் என்று எழுதியவள் நான்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஷட்டருக்கு எதிரே நிழலில் நின்றேன். பையில் தயிர்சாதம் இருந்தது, இறங்கவில்லை.

இரண்டு ஐந்துக்கு அவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். "இன்னாமா, வெயில் நேரத்துல நின்னுகினு கீறீங்க, உள்ள வாங்க" என்று ஷட்டரைத் தூக்கி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது, உங்கள் பொடி அதைக் கெடுத்துவிட்டது, ஒரு வார்த்தை எச்சரிக்கக் கூடாதா என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் மூச்சு வாங்க நின்றபோது பாய், "பொட்டலம் கொண்டாந்தீங்களாமா?" என்று கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பொடியோ சூரணமோ எது கட்டினாலும், யாருக்கு என்று கேட்டு, பெயர், வயது, மாத்திரை சாப்பிடுகிறாரா இல்லையா என்று பொட்டலத்தின் அடியில் நீலப் பேனாவால் எழுதித்தான் கொடுப்பார். ஒரே வீட்டில் நான்கு பேருக்கு மருந்து போனால் மாறிவிடக் கூடாது என்பதற்காக. என் பொட்டலத்தில் எழுதியிருந்தது இதுதான்: மல்லிகா, 51. மாத்திரை இல்லை.

"நானா எழுதலமா" என்றார். "யாருக்குன்னு கேட்டேன். உங்களுக்குன்னீங்க, மூட்டு வலின்னீங்க. மாத்திரை எதனா போட்டுக்கறீங்களான்னு கேட்டேன். இல்லன்னீங்க." மேல் தட்டைக் காட்டினார். கட்டி வைத்த பொட்டலங்கள் வரிசையாக, எல்லாவற்றிலும் பெயர். சிலதில் சர்க்கரை மாத்திரை உண்டு, ரத்த அழுத்த மாத்திரை உண்டு என்று எழுதியிருந்தது. "உண்டுன்னு எழுதினதுல மிளகு, திப்பிலி நான் சேக்க மாட்டேன். எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படிதான். கிட்னின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா மஞ்சள் கூட குடுத்துருக்க மாட்டேன். டாக்டர்கிட்ட கேட்டுகினு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்."

மறந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. அன்றைக்கு அவர் கேட்டது, நான் சொன்னது, எல்லாம் ஞாபகம் இருந்தது. குமணன்சாவடி வரன் வீட்டார் இதே கடையில்தான் மருந்து வாங்குவார்கள் என்று தெரிந்து, ஒரு நொடிகூட யோசிக்காமல் என் பெயரைக் கொடுத்தேன். ஆறு மாதமாக அந்தப் பொட்டலத்தை நாளுக்கு இரண்டு தடவை பிரித்தவள், அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, எனக்குத்தான் தெரியுமே. காலையிலிருந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டு சண்டை போடக் கிளம்பிய என்னை என்ன சொல்ல.

அவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். டாக்டருக்காக ஒரு தாளில் எழுதினார். நூறு கிராமுக்கு மஞ்சள் அறுபது, மிளகு இருபது, திப்பிலி இருபது. "வேளைக்கு எத்தினி ஸ்பூன்மா?" என்று கேட்டார்.

"மொதல்ல அரை."

"அப்புறம்?"

நிர்மலாவிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "கை நடுங்கிச்சு. பலவீனம்னு நெனச்சி ரெண்டு ஆக்கினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, இரண்டு என்று எழுதினார். "டாக்டர்கிட்ட இதயும் மறைச்சிராதீங்கமா" என்றார். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

மூன்றரைக்கு ஆவடி பஸ். பருத்திப்பட்டு ஏரி வழியாகப் பத்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம், இதுவும் இலவசம். ஏரிக்கரைப் பூங்கா மாலை நேரத்தில் நன்றாக இருக்கும் என்று முன்பு எழுதியிருந்தேன். இருக்கும்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆவடியிலிருந்து ரயிலில் ஐந்து ரூபாய்க்கு நெமிலிச்சேரி.

இவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னா சொன்னாரு பாய்? தப்ப ஒத்துகினாரா?" என்று கேட்டார். நான் பொட்டலத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தேன். கை நடுங்கியதால் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உன் பேரு போட்டுகீது."

"நான்தான் சொன்னேன். யாருக்கும் தெரியக் கூடாதேன்னு."

பொட்டலத்தை மடித்துப் பக்கத்தில் வைத்தார். "நான் சொல்லித்தானே நீ சொன்ன" என்றார். அவ்வளவுதான். ஒரு வசை, ஒரு கோபம், எதுவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, யாராவது ஒருத்தர் என்னை நன்றாகத் திட்ட வேண்டும், அதுகூடக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை தாளைக் கொடுத்தோம். சதை எடுத்துப் பார்த்தார்கள். மருந்து இறங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் இறங்கி இரண்டு புள்ளி ஒன்றில் நின்றது. அதற்குக் கீழே வரவில்லை, இனி வராது என்றார் டாக்டர். கிட்னியில் ஒரு பங்கு தழும்பாகிவிட்டதாம். மிச்சம் ஒரு வருடமோ, கொஞ்சம் கூடவோ ஓடும், பிறகு டயாலிசிஸுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். எனக்கு இருப்பது இன்னும் ஒன்றுதான் டாக்டர் என்றேன். அவர் தெரியும் என்று தலையாட்டினார்.

நடுக்கம் மட்டும் நின்றுவிட்டது. தினமும் காலையில் டம்ளரை ஒற்றைக் கையில் தூக்கி "பாரு, ஆடல" என்று காட்டுகிறார். நான் பார்க்கிறேன், நன்றாயிருக்கிறது என்று சொல்கிறேன். மகளிடம் சொன்னோம். "எனக்காகவாம்மா மறைச்சீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று தொலைபேசியில் வெகுநேரம் அழுதாள். இப்போது இவர் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறார், "பொண்டாட்டி குடுத்த கிட்னி" என்று. இரண்டு வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம். இந்தப் பதிவை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு மூலிகை வாங்கப் பூந்தமல்லிக்கோ வேறெங்கோ கிளம்புகிறவர்களுக்கு வழி மேலேயே இருக்கிறது. போய் வரச் செலவு ஐம்பது ரூபாய்க்குள். காலை ஒன்பதுக்கு முன்னால் ரயிலைப் பிடியுங்கள், வெள்ளி மதியம் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் வாங்கப் போகும் பொருளின் பெயரையும் டாக்டரிடம் ஒன்றாகக் காட்டுங்கள். உடம்பில் நன்றாக ஒட்டும் என்று யாராவது சொன்னால், கூட வேறு எது ஒட்டும் என்று கேளுங்கள். குடிக்க ஆரம்பித்தபிறகு உடம்பில் புதிதாக எது வந்தாலும், நீங்களாக அதற்குப் பெயர் வைத்து அளவைக் கூட்டாதீர்கள், பொடியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டால், யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

என் பொட்டலத்தில் அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: தாமோதரன், 56. கிட்னி மாற்றியவர். மாத்திரை உண்டு.